பள்ளிச் சுவரில் பிள்ளைகளே வரையும் சுவரோவியம்: சுவர் தேர்விலிருந்து பராமரிப்பு வரை

ஐம்பது, அறுபது பிள்ளைகள் படிக்கும் சின்னத் தொடக்கப் பள்ளியில் சுவரோவியம் வரைய நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமான வழிகாட்டி இது. ஓவியரை அழைத்து வரையச் சொல்வதாக இருந்தால் இதில் பாதி தேவைப்படாது. பிள்ளைகள் வரைய, பெரியவர்கள் ஏணி பிடிக்கிற வகை வேலைக்குத்தான் இது.

முதல் கூட்டத்தில் எல்லோரும் கேட்பது "என்ன படம் வரையலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சுவர் எந்த நிலையில் இருக்கிறது, பிள்ளையின் கை எவ்வளவு உயரம் எட்டும், சுவர் முன்னால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதெல்லாம் தெரியாமல் படத்தை முடிவு செய்தால், பெரியவர் யாரோ வரைந்த படத்துக்குள் பிள்ளைகள் வண்ணம் நிரப்புவதாகத்தான் அது முடியும்.

மொத்த வேலைக்கு ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிள்ளைகள் பிரஷ் பிடிப்பது நான்கு காலை மட்டுமே. மற்றதெல்லாம் அந்த நான்கு காலைக்கான ஏற்பாடு. கணக்கு புரிவதற்காக 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரமுள்ள சுவரையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

1. அனுமதியும், பொறுப்பாளர் ஒருவரும்

சுவர் யாருக்குச் சொந்தமோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தெருவைப் பார்த்த மதில் என்றால் உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வாய்வார்த்தை போதாது. தலைமை ஆசிரியர் மாறினால் புதிதாக வருபவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பெற்றோருக்கு ஒரே தாளில் மூன்று விஷயம் அனுப்புங்கள்: பிள்ளை பெயிண்டைத் தொட சம்மதமா, தோல் ஒவ்வாமையோ மூச்சுத் திணறலோ உண்டா, வேலை நடக்கும்போது புகைப்படம் எடுக்கலாமா. புகைப்படத்துக்கு மறுத்தவர்களின் பெயர்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளை வேலையிலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை, கேமராவைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

குழு எவ்வளவு பெரிதாகவும் இருக்கட்டும், முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். வண்ணத்தைப் பற்றி ஏழு பேர் பேச ஆரம்பித்தால் பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காகச் சுவரில் முதலில் அடிக்கும் பூச்சு) டப்பா திறப்பதற்குள் பள்ளி விடுமுறையே வந்துவிடும்.

2. சுவரைச் சோதித்தல்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். ஓவியம் உரிந்து விழும்போது பெயிண்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்குக் கீழே இருக்கும்.

முதலில் உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோதான். அதன் மேல் எதை அடித்தாலும் அந்தப் பொடியோடு சேர்ந்து உதிரும். முழுவதும் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

அடுத்தது ஓதம். 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் நீர்த்துளி இருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். தரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். தரையோரத்தில் மட்டும் ஈரம் என்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது. மேலே இருந்தால் கூரையையோ குழாயையோ பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பெயிண்ட் அடிப்பது வீண். ஓதச் சுவரை விட்டுவிட்டு வேறு சுவர் தேடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய்விடும். பிறகு இன்னொரு நாள் பூக்கும்.

புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் என்றால் 28 நாள் பொறுங்கள். புதுப் பூச்சில் காரத்தன்மை மிக அதிகம். அது சில வண்ணங்களை வெளுக்க வைக்கும், பெயிண்டின் பிடிப்பையும் அரித்துவிடும்.

கடைசியாக வெயில். கிழக்குப் பார்த்த சுவரில் பிற்பகலில்தான் நிழல் விழும், மேற்குச் சுவரில் காலையில். பள்ளி நேரத்தோடு ஒத்துவருவது மேற்குச் சுவர். தகிக்கிற சுவரில் பெயிண்ட் பிரஷிலேயே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும், பிள்ளைகளும் வாடிவிடுவார்கள்.

3. ஒரு கேள்வி, ஒரு சின்னக் காகிதம்

"உனக்குப் பிடித்ததை வரை" என்று சொல்லாதீர்கள். சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம் என்று வகுப்பு மொத்தமும் ஒரே படத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வி அவ்வளவு அகலமானது.

கேள்வியைக் குறுக்குங்கள். "பள்ளிக்கு வரும் வழியில் தினமும் பார்க்கிற ஒன்று" என்று கேட்டுப் பாருங்கள். கதவு இல்லாத சைக்கிள் கடை, ஒற்றைக் காது நாய், எப்போதும் ஒழுகும் குழாய், வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா என்று வரும். பார்த்ததை வரைகிற பிள்ளை "எனக்கு வரையத் தெரியாது" என்று சொல்வதும் குறைவு.

காகிதம் 10 சென்டிமீட்டர் சதுரம். வரைவதற்குக் கெட்டியான கிரேயான் மட்டும், பென்சில் வேண்டாம். இதற்குக் காரணம் உண்டு. பென்சில் கொடுத்தால் நாயின் மீசை முடி வரை வரைந்துவிடுவார்கள், அது எதையும் பிரஷால் சுவரில் கொண்டுவர முடியாது. சின்னக் காகிதமும் தடித்த கிரேயானும் சேர்ந்தால் பிரஷுக்கு ஏற்ற பெரிய, எளிய வடிவம் தானாகவே கிடைக்கும்.

எந்தப் படம் நல்லது என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். வகுப்பில் நன்றாக வரையும் இரண்டு பிள்ளைகள் யாரென்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், அவர்கள்தான் ஜெயிப்பார்கள். மற்ற ஐம்பத்தெட்டுப் பேருக்குச் சுவர் அந்நியமாகிவிடும். ஒரு பிள்ளைக்கு ஒரு படம், எல்லாப் படமும் சுவரில். சின்னப் பள்ளியால் மட்டும் முடிகிற காரியம் இது.

4. சுவரைப் பட்டைகளாகப் பிரித்தல்

தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் வரை படம் எதுவும் வேண்டாம். மழைச் சேறு தெறிப்பதும் துடைப்பம் உரசுவதும் அங்கேதான். ஒரே அடர் நிறத்தில் அடித்து விட்டுவிடுங்கள்.

20 முதல் 140 சென்டிமீட்டர் வரை பிள்ளைகளின் பகுதி. இதை 30 சென்டிமீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் நான்கு வரிசை, வரிசைக்கு 20 கட்டம், மொத்தம் 80. அறுபது பிள்ளைகள் போக 20 கட்டம் மிஞ்சும். அவை எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ 115 சென்டிமீட்டர்தான். அதனால் சின்ன வகுப்புக்கு நடு இரண்டு வரிசை. 50 முதல் 110 வரை நின்றுகொண்டே வரையலாம். மேல் வரிசை பெரிய வகுப்புக்கு. அடி வரிசைக்குத் தரையில் உட்கார வேண்டும். அதை உட்கார்ந்து வரைவதில் விருப்பமுள்ளவர்களிடம் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால் அவரை முதலில் கேட்டு, அவருக்கு வசதியான கட்டத்தை ஒதுக்கிவிட்டு மற்றவர்களிடம் போங்கள்.

140க்கு மேல் பெரியவர்கள் வேலை: வானம், மரக்கிளை, கூரை வரிசை என்று எல்லாக் கட்டங்களையும் ஒரே காட்சிக்குள் இழுத்துக் கட்டும் ஏதாவது ஒன்று. பிள்ளைகள் யாரும் ஏணியில் ஏறக் கூடாது. "ஒரே ஒரு படிதான் சார்" என்பதற்கும் பதில் "கூடாது" என்பதுதான்.

கட்டங்கள் கடைசியில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. நாய் பக்கத்துக் கட்டத்துக்குள் வாலை நீட்டினால் நீட்டட்டும். பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு நீட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் பார்த்தவரை சுவரின் நல்ல இடங்கள் இந்தப் பேரத்தில்தான் பிறக்கின்றன.

5. பெயிண்ட்: கணக்கும் கலவையும்

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் போதும். தண்ணீரில் கரையும், வாடை குறைவு, சீக்கிரம் காயும். எண்ணெய் எனாமல் வேண்டாம். அதைக் கழுவ டர்பென்டைன் வேண்டும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது கூடாது. டப்பாவில் ஈயம் கலக்காதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் பெயிண்டில் ஈயத்துக்கான சட்ட வரம்பு பத்து லட்சத்தில் 90 பங்கு. யாரோ வீட்டில் மிஞ்சியதென்று கொண்டுவரும் பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமல் டப்பாக்களை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈயக் குரோமேட் கலந்த நிறங்கள் அவற்றில்தான் அதிகம்.

அளவு: வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்கு ஒரு கோட் வரும், சொரசொரப்பான சுவரில் 6 அல்லது 7தான். நம் சுவர் 12 சதுர மீட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு 2 லிட்டர், அடிவண்ணம் இரண்டு கோட்டுக்கு 3 முதல் 4 லிட்டர். படத்துக்கான வண்ணங்கள் ஒவ்வொன்றும் அரை லிட்டர் இருந்தால் தாராளம்.

வண்ணங்களை ஆறு, ஏழோடு நிறுத்துங்கள். அறுபது கை வரைந்த படம் சந்தைக் கூட்டமாகத் தெரியாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு ஒன்றுதான் வழி. காவி, செங்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் நெடுநாள் நிற்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிர் நிறங்கள் ஒரு கோடைக்கே தாங்குவது கஷ்டம்.

கலப்பு நிறம் எதுவானாலும் மொத்தத்துக்கும் ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் ஊற்றி எண் ஒட்டுங்கள். நடுவில் தீர்ந்தால் அதே பச்சை மறுபடி கிடைக்காது. இன்னொன்று: எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு சாயல் அடர்த்தியாகும். அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே "இதுதான்" என்று முடிவு செய்யுங்கள்.

6. சுவரைத் தயார் செய்தல்

இது பெரியவர்களின் வேலை, பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டும்போது பறக்கும் தூசியில் பழைய பெயிண்டின் ஈயம் இருக்கலாம். அதனால் சுவரை நனைத்துக்கொண்டு சுரண்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், கீழே தார்ப்பாய் விரித்து உதிர்ந்ததை அப்படியே சுருட்டி எடுங்கள்.

பாசி, பூஞ்சை இருந்தால் பிளீச்சிங் கரைசல் தடவி, கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். அதோடு ஆசிடையோ வேறு சுத்திகரிப்பானையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

விரிசலுக்கு வெளிச்சுவர்ப் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர். மறுநாள் அடிவண்ணம் இரண்டு கோட். இடையில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிடுங்கள். பொதுவாக அது சில மணி நேரம்தான், ஆனால் மழை மூட்டத்தில் இரட்டிப்பாகும். அடிவண்ணம் பளீர் வெள்ளையாக இருக்க வேண்டாம். இளமஞ்சளோ வெளிர் நீலமோ இருந்தால் பிள்ளைகள் விடும் இடைவெளிகள் குறையாகத் தெரியாது.

7. கோடு போடுதல்

நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். முதல் கோட்டை ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தரையை நம்பி அளந்தால் தரையின் சரிவு அப்படியே படத்துக்கு வந்துவிடும்.

கட்டங்களுக்குள் பிள்ளைகளே சாக்பீஸால் வரையட்டும். காகிதத்தில் 10, சுவரில் 30. மூன்று மடங்குதான் என்பதால் பார்த்தே போட்டுவிடுவார்கள். மார்க்கர் பேனாவை யாரும் தொட வேண்டாம். அதன் மை மேலே அடிக்கும் எமல்ஷனை ஊடுருவி வெளியே கசியும், எத்தனை கோட் அடித்தாலும் எட்டிப் பார்க்கும். சாக்பீஸ் தவறினால் ஈரத் துணி போதும்.

மேல் பகுதிக்குப் பெரியவர்கள் கட்ட முறையைப் பயன்படுத்தலாம்: தாளில் 2 சென்டிமீட்டர் கட்டம், சுவரில் 20.

8. வண்ணம் அடிக்கும் நான்கு காலை

ஒரு நேரத்தில் ஆறு பேர். ஆறு மீட்டர் சுவரில் ஆளுக்கு ஒரு மீட்டர், முழங்கை இடிக்காது. ஒரு குழுவுக்கு அரை மணி நேரம், கைமாற்ற பத்து நிமிடம். ஒரு காலையில் மூன்று குழு என்றால் பத்துக் குழுவுக்கு நான்கு காலை. இதை இரண்டே நாளில் முடிக்கப் பார்ப்பவர்கள் கடைசிக் குழுவை விரட்டி விரட்டி வரைய வைப்பார்கள். கடைசியில் வருவது பெரும்பாலும் சின்ன வகுப்பு.

குழுக்களை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், நான்கு சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்று கலந்துவிடுங்கள். நீங்கள் பத்துத் தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் ஐந்தாம் வகுப்பு அக்கா ஒரு தடவை காட்டினால் ஏறிவிடும்.

பெரியவர்கள் இரண்டு பேர் போதும். ஒருவர் பெயிண்ட் மேசையை விட்டு நகரவே கூடாது, மற்றவர் சுவரோரம் நிற்பார். ஒரே ஆள் இரண்டையும் பார்த்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பெயிண்டைப் பிள்ளைகளுக்கு அடி கனத்த சின்னக் கிண்ணத்தில் இரண்டு விரல் ஆழம் மட்டும் ஊற்றுங்கள். கவிழ்ந்தால் போவது அவ்வளவுதான். ஒரு கிண்ணத்துக்கு ஒரு பிரஷ், அந்தப் பிரஷ் வேறு நிறத்துக்குப் போகாது. நிறம் மாற்ற வேண்டுமானால் கிண்ணத்தோடு சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் முதல் குழு முடிவதற்குள் எல்லா நிறமும் ஒரே பழுப்பாகிவிடும்.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மஞ்சள் மேல் நீலம் மூடும். நீலம் மேல் மஞ்சள் மூடாது. முதல் குழுவுக்கு இதைச் சொல்லுங்கள், அடுத்த குழுக்களுக்கு அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு நாலாவது காலையில் இடம் வைத்திருங்கள். அவர்கள் கட்டத்தை "சும்மா நிரப்பி வைப்போமே" என்று யாரும் தொடக் கூடாது.

9. மிஞ்சிய 20 கட்டம்

பள்ளியின் காவலர், சமையல் செய்பவர், பேருந்து ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர், முன்பு இங்கே படித்த அண்ணன்மார் என்று ஒரு பட்டியல் போட்டு நேரில் போய் அழையுங்கள். பொது அறிவிப்பு ஒட்டினால் வழக்கமாக வருபவர்களே வருவார்கள். அவர்களுக்கும் அதே கேள்வி, அதே 10 சென்டிமீட்டர் காகிதம். அழைத்தவுடன் வருவது "ஐயோ, எனக்கெல்லாம் வராது" என்ற பதில்தான். பிள்ளை ஒன்றைக் கையோடு கூட்டிப் போனால் மறுப்பது கடினம்.

எல்லாவற்றையும் நிரப்பிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு சேரும் பிள்ளைகளுக்காக ஐந்தாறு கட்டம் அடிவண்ணத்தோடு அப்படியே இருக்கட்டும்.

10. கழுவுதல்

மூன்று வாளி: முதலாவதில் பெயிண்ட் போகக் கழுவு, இரண்டாவதில் அலசு, மூன்றாவதில் கை. முதல் வாளித் தண்ணீரைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல் இரவு முழுக்கத் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். பிரஷை வாளியில் நிற்க வைத்து மறந்துவிட்டால் மறுநாள் அது துடைப்பம்.

11. வெளிக்கோடும் "திருத்தமும்"

பெரிய சண்டை வருவது இங்கேதான். நான்காம் நாள் மாலை யாராவது ஒரு அப்பா, நல்லெண்ணத்தோடு, தன் மகளின் கோணல் பேருந்துக்குச் சக்கரத்தை வட்டமாக்கத் தொடங்குவார். பக்கத்தில் நிற்பவர் இன்னொன்றைச் சரிசெய்வார். மறுநாள் பிள்ளை வந்து பார்த்துவிட்டு "இது நான் போட்டதில்லை" என்று சொல்லும்.

முதல் கூட்டத்திலேயே விதியை அறிவித்துவிடுங்கள்: பிள்ளை போட்ட வடிவத்தை யாரும் மாற்றக் கூடாது. பெரியவர்கள் செய்யக்கூடியது இரண்டுதான். வழிந்த பெயிண்டை அடிவண்ணத்தால் மறைக்கலாம். பிள்ளை போட்ட விளிம்பிலேயே, கோணலோடு சேர்த்து, ஒரு அடர் வெளிக்கோடு இழுக்கலாம். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் அந்தக் கோடு வந்தால் சுவர் மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கை நடுங்காத இரண்டு பேரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

சுவரில் எழுத்து ஏதாவது வருவதாக இருந்தால் மூன்று பேர் தனித்தனியாகப் பிழை பார்க்கட்டும். பள்ளிச் சுவரில் ஒற்றுப் பிழை வந்தால் ஊரே படித்துச் சொல்லும்.

12. மேல்பூச்சும் பராமரிப்பும்

ஒரு வாரம் காயவிட்டு, வெளிச்சுவருக்கான, தண்ணீரில் கரையும், பளபளப்பில்லாத தெளிபூச்சு ஒரு கோட். ஈரப்பதம் அதிகமான நாளில் அடித்தால் பால் படிந்தது போல வெளுத்துவிடும். அடுத்த 24 மணி நேரத்துக்கு மழை இல்லாத நாளாகப் பாருங்கள். காலியாக விட்ட கட்டங்களை மாஸ்கிங் டேப்பும் தாளும் வைத்து மறைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

ஒவ்வொரு வண்ணத்திலும் கொஞ்சம் சின்ன டப்பாவில் ஊற்றி, இறுக மூடி எடுத்து வையுங்கள், மேலே எண்ணும் தேதியும் எழுதி. கீறலைச் சரிசெய்யும் வேலை அந்தக் கட்டத்தை வரைந்த பிள்ளைக்கே.

எத்தனை ஆண்டு இந்த ஓவியம் இருக்கும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். ஐந்து ஆண்டு நியாயமான காலம். அதற்குள் வரைந்த பிள்ளைகள் அனைவரும் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள். அழிக்கும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் படம் எடுத்து அவரவர் வீட்டுக்கு அனுப்புங்கள். பிறகு தெளிபூச்சை ஈர உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் புது பிரைமர். தேய்க்காமல் அடித்தால் பிடிக்காது.